முன் கண்ணாடிக்கு அப்பால் பன்னிரண்டு அங்குலம்

செவ்வாய் மாலை நான்கு மணிக்கு ஊற்றிய ஜெலட்டின் கட்டிகள், வியாழன் காலை ஒன்பது மணிக்கு, நாற்பத்தொரு மணி நேரத்தைக் குளிர்பெட்டிக்குள் கழித்திருந்தன. முப்பத்தாறு மணி நேரமே போதும். மீதி ஐந்தும் வெளிச்சம் வருவதற்காகக் காத்திருந்ததில் போயிற்று.

குளிர்பெட்டி, கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் கண்காட்சி மைதானச் சமையலறையில் இருந்தது. ஷெரிப் அலுவலகத்தில் அவ்வளவு பெரியது கிடையாது. மேல் தட்டில் தேவாலயத்துப் பெண்கள் கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் சுட்டு அடுக்கிய உருளைக்கிழங்கு ரொட்டிகள். கீழ்த் தட்டில் பத்துக் கட்டிகள், வெளிறிய தேன் நிறத்தில். கதவில் மாரிட் லுண்ட் ஒரு தாளை ஒட்டியிருந்தாள்: 'ஷெரிப் அலுவலகச் சொத்து. சாப்பிட வேண்டாம்.' அதன் கீழே யாரோ பென்சிலால், 'உப்பு பத்தலை' என்று எழுதியிருந்தார்கள்.

"இது உன் வேலைதானே?" என்று கேட்டாள்.

"சத்தியமா நான் இல்லை" என்றான் பெக். அவளோடு ரோந்து போகும் துணை அதிகாரி. "ஆனா உப்பு பத்தலைங்கிறது நிஜம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்தது. பதினாறு மாதமாக எல்லாமே அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

கட்டிகளைக் கம்பளியில் சுற்றிப் பெட்டிகளில் வைத்து, ஊருக்கு வெளியே இருந்த பழைய சரளைக் குழிக்குக் கொண்டுபோனார்கள். வழியெங்கும் அறுத்த கோதுமை வயல், அதன் மேல் மெல்லிய பனி. பெக் வானொலியை முடுக்கினான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைய வேலை இதுதான். ரோந்து வண்டிகளில் வைக்கும் ரைபிள்களுக்குப் புதிய தோட்டா தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதத் தசைக்குப் பதிலாக வைக்கும் வெற்று ஜெல்லியில் எல்லாக் குண்டும் நன்றாகத்தான் போகும். நடுவில் ஏதாவது ஒன்று குறுக்கே வரும்போதுதான் குண்டின் குணம் தெரியும். அதிலும் காரின் முன் கண்ணாடிதான் கொடியது. சாய்ந்திருக்கும், இரண்டு அடுக்காக இருக்கும், நடுவில் பிசின் தாள் இருக்கும். சில குண்டுகள் அதில் பட்டதும் உமி போல உதிர்ந்துவிடும். சில திசை மாறும். கண்ணாடியைத் தாண்டியபின் ஜெல்லிக்குள் பன்னிரண்டு அங்குலமாவது போனால்தான் அது தேறியது.

மூன்று புதிய குண்டுகள் சோதனைக்கு வந்திருந்தன. நான்காவது, பழையது. அதைச் சோதிக்கும்படி எழுதிக் கேட்டவர் எவரெட் ஸ்கார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்கார் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், தன் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில், கையில் ஒரு தோட்டாப் பெட்டியுடன். இருபத்திரண்டு வருடம் ஆயுத அறை அவர் பொறுப்பில் இருந்தது. பழைய குண்டைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். போன வருடம் ஜூலையில், தானியக் கிடங்கு அருகே பிக்கப்பில் உட்கார்ந்திருந்த ஒருவன் தன் முன் கண்ணாடி வழியாகவே அதிகாரிகளை நோக்கிச் சுட்டான். மாரிட் ஒரே ஒரு முறை திருப்பிச் சுட்டாள். அவன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அவனுடைய அடுத்த குண்டு அவளுடைய அப்போதைய கூட்டாளி வேட் என்பவனின் வலது முழங்கையை நொறுக்கியது. இருபது நிமிடம் கழித்து அவன் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

அவன் வண்டியின் கண்ணாடி முழுக்க உதிர்ந்து கிடந்தது. எந்த ஓட்டை யாருடையது என்று சொல்ல வழியில்லை. விசாரணையில் மாரிட் சொன்னாள்: "முன் கண்ணாடியைக் குறிபார்த்து ஒரு முறை சுட்டேன்." அதில் பொய் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். குண்டு கண்ணாடியில் பட்டுச் சிதறியிருக்க வேண்டும் என்று விசாரித்தவர்களே எழுதிக்கொண்டார்கள். செப்டம்பரில் ஸ்கார் வேலையை விட்டார். அவருடைய மேசை இப்போது அவளுடையது. வேட் இப்போது மைனாட் நகரில் டிராக்டர் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறான். ஞாயிறுதோறும் அவளைக் கூப்பிடுவான். அவள் போன் அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வாய்யா எவரெட்" என்றபடி ஷெரிப் ஹாகன் காபிக் குடுவையோடு வந்தார். "மான் வேட்டைக்குப் போகாம இங்க வந்து நிக்கறியே."

"மான் எங்கேயும் ஓடிப்போயிடாது."

"ஓடறதுதானய்யா அதோட வேலையே!"

ஸ்கார் புன்னகைத்தார். மாரிட்டைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். "எப்படிம்மா இருக்கே? மேசையோட ரெண்டாவது டிராயர் இன்னும் மாட்டுதா?"

"மாட்டுது."

"கொஞ்சம் தூக்கி இழுக்கணும். அதைச் சொல்லாமலே வேலையை விட்டு வந்துட்டேன்."

அவள் சாய்வுச் சட்டத்தில் முதல் கண்ணாடியை மாட்டப் போனாள்.

ஹாகன் கையில், அட்டையில் செருகிய சில தாள்கள் இருந்தன. திங்கட்கிழமை கவுண்டி ஆணையர்கள் கூட்டத்தில் வைக்க வேண்டிய அறிக்கை. பெரும்பாலும் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி நீட்டியபோது அவள் ஒரு வரியைப் படித்துவிட்டாள்: 'திரு. ஸ்கார் பரிந்துரைத்த தோட்டா கண்ணாடித் தடுப்பில் தோல்வியுற்றது.' இன்றைய எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. திங்களன்று கையெழுத்தாகிவிட்டால் அந்த வரி கவுண்டியின் ஏட்டில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அதை யாரும் எடுத்துப் படிக்கப்போவதில்லை, மாற்றப்போவதுமில்லை.

அந்த வரி தப்பு என்று ஜெல்லியே சொல்லிவிடட்டும் என்று நினைத்தாள். வாயே திறக்காமல் காரியம் முடிந்துவிடும்.

ஒவ்வொரு ஜோடிக் கட்டியையும் முதலில் சரிபார்க்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிறிய எஃகு மணியைச் சுட்டு, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்க வேண்டும். மூன்று அங்குலமாவது போக வேண்டும். குறைந்தால் ஜெல்லி இறுகிவிட்டது என்று பொருள். அதில் எந்தக் குண்டும் சீக்கிரமே நின்றுவிடும். அவள் அளவுகோலை வைத்து எண்ணைச் சொல்வாள், பெக் எழுதுவான்.

மூன்று புதிய குண்டுகளும் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. ஒன்று ஒன்பது அங்குலத்தில் நின்றது. மற்ற இரண்டும் தேறின. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. பெக் குதித்துக் குதித்து நின்றான்.

நான்காவது ஜோடி குளிர்பெட்டியில் குளிர் அதிகமான பின்சுவரை ஒட்டி இருந்தது. இறுகிவிட்டது என்று தொட்டதுமே அவளுக்குத் தெரிந்தது. எஃகு மணியைச் சுட்டாள். அளவுகோலை வைத்தாள்.

"எவ்வளவு?" என்றான் பெக். "சட்டுனு சொல்லு. என் காது கழண்டு விழுந்துடும் போலிருக்கு."

எல்லோரும் பத்தடி தள்ளி நின்றார்கள். அளவுகோல் அவள் கையில் மட்டும் இருந்தது. மூன்று என்று சொன்னால் மூன்றுதான். பழைய குண்டு பதினோரு அங்குலத்தில் நிற்கும். ஹாகனின் வரி அப்படியே இருக்கும். ஸ்கார் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்.

"ரெண்டே முக்கால்" என்றாள். "இது ஆகாது. உபரி ஜோடியை எடு."

"அடப் போ மாரிட், கால் அங்குலம்தானே!"

"எடுன்னு சொன்னேன்."

உபரி ஜோடி மூன்றேகால் காட்டியது.

பழைய குண்டை ஸ்கார் கொண்டுவந்த பெட்டியிலிருந்து எடுத்தார்கள். அந்த ஜூலையில் வண்டிகளில் இருந்த அதே தொகுப்பு. பெக் சுட்டான். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பூ விரிந்தது. ஹாகன் குனிந்து கட்டிக்குள் பார்த்தார்.  இரண்டாவது, மூன்றாவது. மாரிட் அளந்தாள்.

"பதிமூணு. பன்னிரண்டரை. பதிமூணேகால்."

காற்று சட்டத்தின் இடுக்கில் சீழ்க்கை அடித்தது.

"தேறிடுச்சே" என்றான் பெக், யாரிடம் என்றில்லாமல்.

மாரிட் ஸ்காரைப் பார்த்தாள். அவர் முகம் மலரும் என்று காத்திருந்தாள். அவர் கட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, குண்டு போன பாதையை விரலால் தொடாமல் தொடர்ந்தார். எழுந்தபோது முன்பைவிட வயதாகித் தெரிந்தார்.

"அப்படின்னா குண்டு மேல தப்பு இல்லை" என்றார்.

"அப்புறம் அன்னைக்கு மட்டும் ஏன்யா அப்படி ஆச்சு?" என்றார் ஹாகன். கோபமில்லை. அவருக்கு அறிக்கையை எழுதி முடித்தாக வேண்டும்.

"அதைத்தான் பதினாறு மாசமா யோசிக்கிறேன்." ஸ்கார் கையுறையைக் கழற்றினார். "ஒண்ணு சொல்றேன், கேளு. மாரிட் வண்டிக்குக் கொடுத்த பெட்டியை அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் என் பிக்கப்போட டேஷ்போர்டுலயே போட்டு வெச்சிருந்தேன். கொண்டுபோய்க் கொடுக்க மறந்துட்டேன். ஜூலை வெயில். உள்ளே இருக்கற வெடிமருந்து கெட்டுப்போயிருக்கும். வேகம் பத்தாம குண்டு கண்ணாடியிலேயே நின்னிருக்கும்."

"நிஜமாவா?"

"வேற என்ன இருக்க முடியும், ஹாகன்? குண்டு நல்லது. சுட்டவளும் நல்லா சுடறவ. நடுவுல மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தானே?"

இதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் வரவில்லை. ஒரு விடை தேடித்தான் வந்திருந்தார். எதுவும் கிடைக்காததால் தன்னையே எடுத்து அங்கே வைத்துவிட்டார்.

"அப்ப அதை எழுதிக்கட்டுமா?" என்றார் ஹாகன் மெல்ல. "உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

"எழுது. உண்மைதானே."

ஹாகன் பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். மை உறைந்திருந்தது. முனையை வாயருகே வைத்து ஊதினார். பெக் காலிப் பெட்டிகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தான். எல்லாம் முடிந்துவிட்ட இடம் போல இருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அந்த நாளிலிருந்து எல்லோரும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். முறை மாற்றி அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். தேவாலயத்தில் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்தார்கள். அவள் சாப்பாட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தனியாக நின்றபடி பிஸ்கட் தின்றாள். அவர்கள் அன்பு காட்டியது வேறொருத்திக்கு. அந்த வேறொருத்தியின் வீட்டில் அவள் ஒளிந்து குடியிருந்தாள்.

பேனா எழுதத் தொடங்கியது.

"எழுதாதீங்க, ஷெரிப்."

ஹாகன் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"மருந்து கெட்டுப்போகலை. எவரெட், நீங்க எதையும் கெடுக்கலை."

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் ஸ்கார்.

 குளிரில் வார்த்தைகள் வெண்புகையாக வந்தன.

"என் வண்டி பானெட்டுல ஒரு பள்ளம் இருந்துச்சே. அவன் சுட்டதுன்னு எல்லாரும் நெனச்சீங்க."

"ஆமா. படமெல்லாம் எடுத்தாங்களே."

"அது உள்ளே வந்த குண்டோட பள்ளம் இல்லை. வெளியே போன குண்டோடது. அன்னைக்கே நான் விரலை வெச்சுப் பார்த்தேன். பெயிண்ட் அவன் பக்கமா உரிஞ்சிருந்தது. பார்த்துட்டுச் சும்மா இருந்துட்டேன்."

பெக் பெட்டியைக் கீழே வைத்தான்.

"என்ன சொல்ற, மாரிட்?" என்றார் ஹாகன்.

அவள் ஸ்காரை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"பானெட்டுக்குப் பின்னாடி ரொம்பக் குனிஞ்சுட்டேன். ரைபிள்ல குறிபாக்கற லென்ஸ் மேல இருக்கு, குண்டு போற குழல் ரெண்டரை அங்குலம் கீழ இருக்கு. லென்ஸ்ல அவன் முகம் தெளிவாத் தெரிஞ்சுது. குழல் எதைப் பாத்துட்டு இருக்குன்னு நான் பாக்கலை. உங்க குண்டு அவன் கண்ணாடிகிட்டக்கூடப் போகலை, எவரெட். நான் சுட்டது என் வண்டியை."