ஒரு அத்தியாயம் பாக்கி

“நான் பாதியில தூங்கிட்டா மீதிக் கதை என்னப்பா ஆகும்?”

ஆறு வயதில் அவள் ஒருமுறை கேட்டாள். பஸ் கண்டக்டரான அப்பா தோள்பையைக் கழற்றியபடி, “ஏறின பயணியை நடுவழியில இறக்கி விடுவேனா? நீ தூங்கினாலும் கடைசி வரைக்கும் படிச்சுட்டுத்தான் புத்தகத்தை மூடுவேன்” என்றார்.

இப்போது அந்த அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியில் மண்டியிட்டு, அவள் ரௌட்டரில் பென் டிரைவைச் செருகிக்கொண்டிருந்தாள். இது ஒன்பதாவது முறை. பார்வை போனபின் அப்பாவுக்கு நாவல்களைப் படித்துக்காட்டியது அதிலிருந்த ஒலிப்பதிவுகள்தான்; ரௌட்டர் வழியாக ஸ்பீக்கரில் வரும். முந்தாநாள்வரை வந்தது. இந்த நாவலில் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. “இன்னிக்கோ நாளைக்கோ” என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கைபேசித் திரை ஒன்பதாவது தடவையாக, ‘எந்தச் சாதனமும் இணைக்கப்படவில்லை’ என்றது.

“வண்டி இன்னும் கிளம்பலையாம்மா?” அப்பாவின் குரல் மெலிந்திருந்தது.

“இருங்கப்பா. இந்தச் சனியன் படுத்துது.”

“புத்தகம் அலமாரியில இருக்கே. நீயே படியேன்.”

“ரெண்டே நிமிஷம்ப்பா. சரியாயிடும்.”

தினமும் பிரார்த்தனையில் பொறுமையைத்தான் கேட்பாள். இன்று கேட்க மறந்திருந்தாள்.

“ஊதிப் பாத்தியாக்கா?” என்றான் வாசற்படியில் நின்ற தம்பி.

“ஊதியாச்சு, துடைச்சாச்சு, அணைச்சுப் போட்டாச்சு. இனிமே இது கால்ல விழறதுதான் பாக்கி.”

உதவி எண்ணில் நெடுநேரம் இசை ஓடிய பின் ஒரு பெண் கேட்டாள். “பென் டிரைவ் புதுசா மேடம்?”

“டேய், இது புதுசா?” என்று அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து நான்தான் மாத்தினேன். அப்பா இன்னும் நிறையக் கேட்கட்டுமேன்னு பெரிசா வாங்கி, எல்லாத்தையும் அதுல ஏத்தினேன். பழசை அழிச்சுட்டேன்.”

“பெரிய டிரைவோட ஃபார்மட் வேற மேடம். உங்க ரௌட்டர் பழசு, அதுக்குப் படிக்கத் தெரியாது. கம்ப்யூட்டர்ல ஃபார்மட்டை மாத்தலாம். ஆனா உள்ளே இருக்கறது எல்லாம் போயிடும்.”

“அப்பா, கண்டுபிடிச்சாச்சு!” என்று மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

அப்பாவின் மார்பின் மேல் போர்வை அசையவில்லை.

சாயங்காலம், துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்ததும் தம்பி மெல்லக் கேட்டான். “என்னாலதானேக்கா?”

காலையில் கேட்டிருந்தால் ஒரு அறை விட்டிருப்பாள். நாக்கு நுனிவரை வந்த சொல்லைக் கடவுள்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“ரௌட்டர் பழசுடா” என்றாள். அதுவும் பொய்யில்லை. “முகத்தைக் கழுவிட்டுப் போய், நாளைக்கு எடுக்கறதுக்கு வண்டிக்குச் சொல்லிட்டு வா.”

அவன் போனதும் அறைக்கதவைச் சாத்தினாள். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் வரியை இரண்டுமுறை படிக்கவேண்டியிருந்தது. பிறகு அவசரமில்லாமல், நிறுத்தவேண்டிய இடங்களில் நிறுத்தி, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் புத்தகத்தை மூடினாள்.