உறுதி என்று எழுதிய பெட்டி

"சீலைக் கிழிச்சிட்டியேடி! எட்டு மாசம் காத்திருந்தேன், எட்டு நிமிஷத்துல கிழிச்சிட்டியே!"

"கத்தாதக்கா. கிழிக்கச் சொல்லி எழுதி வச்சதே நீதான்."

"நானா? நானாடி எழுதினேன்?"

என் தையல் கடைக்கும் அந்தப் பொம்மைக் கடைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ப்ளைவுட் பலகை. நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதது அந்தப் பலகைதான். சீலை கிழிந்தது என்று காதில் விழுந்த பிறகு ஒரு தையல்காரி சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? ஊசியும் நூலுமாக ஓடினேன்.

போய்ப் பார்த்தால் அக்கா கட்டியிருந்த சேலையும் முழுசாக இருந்தது, தங்கை போட்டிருந்த சுடிதாரும் முழுசாக இருந்தது. கிழிந்தது ஒரு அட்டைப் பெட்டியின் சீல். மேசைமேல் ஒரு சாண் உயரத்தில் பாராசூட் வீரன் ஒருவன் மல்லாந்து கிடந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை.

"நீங்களே சொல்லுங்க டெய்லரக்கா," என்று தங்கை ஒரு சீட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அக்காவின் அழகான கையெழுத்தில் 'டாக்டர் – உறுதி' என்று இருந்தது. "இதுக்கு என்ன அர்த்தம்?"

வம்பே அந்த ஒரு சொல்லில்தான்.

அந்தக் கடையில் ராணுவ பொம்மைகள்தான் அதிகம். அப்பா போன பிறகு சகோதரிகள் கடையை இரண்டாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி அலமாரி அக்காவுடையது. பெரியவர்கள் சேகரிப்புக்கு வாங்குகிற வீரர்கள் அதில் பெட்டி பிரிக்காமல் நிற்பார்கள். பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால்கூட அக்காவுக்கு அன்று சோறு இறங்காது. பிள்ளைகள் பக்கம் தங்கையுடையது. அங்கே எந்த வீரனும் சும்மா விற்பனைக்கு வந்துவிட முடியாது. முழங்காலைப் பத்துத் தடவை மடக்கி, காதருகே வைத்து, 'கடக்' என்று ஒரே சத்தம் வருகிறதா என்று கேட்பாள். இடுப்புயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போடுவாள். ஈரத்துணியால் புருவத்தைத் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்ப்பாள். கழன்று வருகிற துப்பாக்கி, வாய்க்குள் போகிற தொப்பி எல்லாம் தள்ளுபடி. சட்டைத் தையலைப் பார்க்க என்னையும் கூப்பிடுவாள். தெருவில் அவளுக்கு 'முட்டி டாக்டர்' என்றே பெயர்.

யாராவது தாய்மார் வந்து உடையாததாக ஒன்று வேண்டும் என்றால், தங்கை சீட்டில் 'உறுதி' என்று எழுதிப் பெட்டியில் ஒட்டுவாள். சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். யாராவது சேகரிப்பாளர் வரப்போகிற பெட்டிக்குப் பேசிவைத்தால் அக்காவும் 'உறுதி' என்றுதான் எழுதுவாள். ஆள் நிச்சயம், வேறு யாருக்கும் கொடுக்காதே என்று அர்த்தம். இத்தனை வருஷம் இரண்டு உறுதியும் மோதிக்கொள்ளாதது பெரிய விஷயம். அன்று பார்சல் வந்த அவசரத்தில் அக்கா தன் பெட்டியைத் தங்கையின் மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஏன் முகம் கழுவப் போனாள் என்று கேளுங்கள். சனிக்கிழமை. பதினொரு மணிக்குப் பல் டாக்டர் வருவார்.

கல்யாணம் ஆகாத மனிதர், அமைதியானவர். சனிக்கிழமை தவறாமல் கண்ணாடி அலமாரி முன்னால் வந்து நின்று, அக்காவோடு அரை மணி நேரம் பட்டாளத்துச் சட்டைப் பொத்தானைப் பற்றிப் பேசுவார். அவ்வளவுதான். அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அக்கா எங்கெங்கோ போயிருந்தாள். இந்த எட்டு மாதத்தில் அவள் என்னிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கைகளைப் பார்த்தே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தப் பாராசூட் வீரனைத் தன் கையால் அவர் கையில் கொடுக்கிற நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

டாக்டர் வந்தார். "நடக்கக்கூடாதது நடந்துடுச்சு டாக்டர்," என்று அக்கா எழவு சொல்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"சார், முதல்ல இந்த முட்டியைப் பாருங்க," என்று தங்கை குறுக்கே வந்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, வீரனின் இடது முழங்காலுக்குள் அடித்துப் பார்த்தார். உள்ளே பிளாஸ்டிக் ரஸ்க் மாதிரி பொரிந்திருந்தது.

"சொத்தை," என்றார்.

"பெட்டிக்குள்ளயே நொண்டி சார். நான் ஒடிக்கல."

"வெளியில பளபளன்னு இருக்கு, உள்ள சொத்தை. தினம் பார்க்கறதுதான்," என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வீட்ல ஒரு அறை முழுக்கப் பெட்டி வச்சிருக்கேன். எல்லாமே இப்படி இருக்குமோ? நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா?"

கேட்டுக்கொண்டே கண்ணாடி அலமாரியிலிருந்து தங்கையின் மேசைப் பக்கம் நாலு அடி நகர்ந்தார். கடைக்குள் அது நாலு அடி. அக்கா முகத்தைப் பார்த்தால் கடல் தாண்டிப் போனதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் டாக்டர் நாலு நாலு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். தங்கை மடக்குவாள், அவர் டார்ச் அடிப்பார். இருவரும் ஒரே முழங்காலில் காது வைத்துக் கேட்பார்கள். அக்கா அலமாரியைத் துடைப்பாள். கண்ணாடியைத் துடைப்பதில் அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருநாள் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில், அக்கா ஒரு சிப்பாயின் முட்டியை மடக்கிக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் தலைமுடியைச் சரிசெய்வதுபோல அவனாலேயே வாரிக்கொண்டாள்.

"அவளுக்கு என்ன தெரியும் டெய்லரக்கா? ஒடிக்கத் தெரியும். ஆளாவது பார்க்கற மாதிரியா இருக்கா? அந்த மூக்கைப் பாருங்க."

"உன் மூக்கும் அதே மூக்குதானேம்மா."

"என்னுது கொஞ்சம் எடுப்பா இருக்கும்," என்றாள்.

இப்படி இருக்கும்போது டாக்டர் தன் அண்ணன் மகளுக்கு ஒரு பொம்மை கேட்டார். ஐந்து வயது. எது கையில் கிடைத்தாலும் கழுத்தைத் திருகுகிற குழந்தை. தங்கை மூன்று நாள் அலசி, தொடை தடித்த டாங்கி ஓட்டுநர் ஒருவனைத் தேர்ந்தெடுத்தாள். பூட்ஸ் காலோடு ஒன்றாக வார்த்தது, முழங்காலுக்கு இரும்பு ஸ்க்ரூ. தரையில் போட்டால் தரைக்குத்தான் சேதம். 'உறுதி' சீட்டு ஒட்டிய பெட்டியில் அவனை வைத்து மூடிவிட்டு, புதன்கிழமை லாரி ஆபீசுக்குப் பார்சல் எடுக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா என்னிடம் வந்து, "மெஷினுக்கு வச்சிருக்கற சின்ன ஸ்க்ரூ டிரைவர் கொடுங்க, அலமாரிக் கதவு ஆடுது," என்றாள்.

கொடுத்தேன். கதவு ஆடினால் அந்தப் பலகை எனக்குச் சொல்லியிருக்காதா என்று கொடுத்த பிறகுதான் யோசித்தேன். யோசித்தும் என்ன, வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை பெட்டி போனது. திங்கட்கிழமை டாக்டரே வந்துவிட்டார். திங்கட்கிழமை அவர் வருகிற நாளே இல்லை. நானும் தற்செயலாகக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு அங்கே போயிருந்தேன். கைக்குட்டையைப் பிரித்து, ஓட்டுநரை ஒரு பக்கமும் அவன் காலை ஒரு பக்கமும் வைத்தார்.

"அரை நாள் தாங்கல," என்றார். "குழந்தை காலை எடுத்துட்டு வந்து, 'சித்தப்பா, இவனுக்கு ஊசி போடு'ன்னு அழுதா."

தங்கை ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தாள். புதுக் கீறல். விரலால் தொட்டு முகர்ந்தாள். தையல் மெஷின் எண்ணெய். அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"என் தப்புதான் சார்," என்றாள். "ஸ்க்ரூவை முறுக்க மறந்துட்டேன்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பெற்ற பெயரெல்லாம் அந்த முட்டியில்தான். அதை அவர் எதிரிலேயே போட்டு உடைத்துவிட்டாள். அக்கா கேட்டதும் அதைத்தானே? கிடைத்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். டாக்டர் திரும்பி அலமாரிப் பக்கம் வருவார் என்று அவளும் கொஞ்ச நேரம் எதிர்பார்த்துத்தான் நின்றாள்.

அவரோ, "பரவாயில்லைங்க, நான் அடைச்ச பல்லும் கழண்டு வந்திருக்கு. எப்படி முறுக்கறதுன்னு எனக்கும் காட்டுங்க," என்று தங்கையின் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"அவ மறக்கல!" என்று கத்தினாள். "நான்தான் கழட்டினேன். நானேதான்! நல்லவங்கற பேரும் உனக்கேவாடி? அதையும் நீயே எடுத்துக்கறியா?"

நான் கத்தரிக்கோல் கிடைக்காமலே நின்றேன்.

"ஏங்க கழட்டினீங்க?" என்று டாக்டர் கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அக்காவின் கை அந்த முதல் பெட்டியைத் தேடிப் போனது. நொண்டிப் பாராசூட் வீரனை அவள் இன்னும் தன் அலமாரியில்தான் வைத்திருந்தாள், 'டாக்டர் – உறுதி' என்ற சீட்டோடு. அவர் அந்தச் சீட்டைப் படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். காதுவரை சிவந்துபோனார்.

"நான் பெட்டிக்காகத்தாங்க வந்துட்டிருந்தேன்," என்றார் மெதுவாக.

மயக்க ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கியது போலத்தான். ஆனால் அந்த மனிதருக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது. அக்கா பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்து, கதவைச் சாத்திப் பூட்டினாள். தங்கை, "அக்கா," என்றாள். "கையை விடுடி," என்றாள் அக்கா. தங்கை அவளைத் தொடவே இல்லை.

ஆறு மாதத்தில் கண்ணாடி அலமாரி லாரி ஏறியது. அக்கா நாலு மணி நேரப் பயணத்தில் உள்ள ஊருக்குக் குடிபோய், சேகரிப்பாளர்களுக்கென்றே தனியாகக் கடை வைத்தாள். தங்கையும் டாக்டரும் அதற்கடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் அறையிலிருந்த பெட்டி ஒன்றுவிடாமல் தங்கை பிரித்துப் பார்த்துவிட்டாள். பாதிப் பேர் நொண்டியாம்.

வருஷத்துக்கு ஒரு பெட்டி அக்காவிடமிருந்து வருகிறது. மேலே அதே கையெழுத்தில் அதே இரண்டு சொல். அவற்றை மட்டும் தங்கை பிரிப்பதில்லை. இதுவரை நாலு பெட்டி சீலோடு அப்படியே நிற்கிறது. எந்த உறுதியாம் என்று நான்கூட ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "உங்க மெஷினுக்கு எண்ணெய் விட்டீங்களா டெய்லரக்கா?" என்றாள். அதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

அக்காவும் போன வருஷம் அந்த ஊரிலேயே கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் பொம்மையே வாங்காதவராம். அதை இரண்டு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் சரி என்றாளாம்.