தானா மூடிக்கிச்சு

சில பேருக்கு ஒரு பொருள் கைக்கு வந்துவிட்டால் அதை நாலு பேருக்குக் காட்டாமல் சோறு இறங்காது. ஜெயப்பிரகாஷ் அந்த ரகம். வேலூரில் செக்யூரிட்டி கம்பெனி நடத்துகிறான். அவனுடைய ஆட்களுக்கு பெல்ட், ஷூ எல்லாம் எங்கள் ஆம்பூர் தோல் ஃபாக்டரியிலிருந்துதான் போகும். அன்றைக்குத் தன் சொந்த பிஸ்டலுக்கு உறை வேண்டும் என்று வந்து நின்றான். தோல் நாற்றத்திலேயே வளர்ந்த எனக்கு அவன் பூசியிருந்த சென்ட்தான் குமட்டியது.

துப்பாக்கி உறையைச் சும்மா தைத்துவிட முடியாது. தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, துப்பாக்கியின் மேலேயே போர்த்தி, விரலால் அழுத்தி அழுத்தி உருவம் எடுக்கவேண்டும். அதற்கு பிளாஸ்டிக் அச்சு வைத்திருப்போம். இவனுடைய மாடலுக்கு எங்களிடம் அச்சு இல்லை.

"நிஜத்தையே வெச்சி எடுத்துக்கோங்க" என்றான். மேனேஜர் ஆதிகேசவனுக்கு வாயெல்லாம் பல். மோல்டிங் சூப்பர்வைசர் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அழுத்துகிறவள் ஹுமேரா. அவள் இடது உள்ளங்கையைக் குழாய் முனையில் கொடுத்துத் தோலை இழுத்துப் பிடிப்பாள். வலது கட்டைவிரலால் விசை இருக்கும் குழிக்குள் தோலை அமுக்குவாள். அவள் பிடித்த உறையில் துப்பாக்கி கழன்று விழுந்ததாகப் பேச்சே கிடையாது.

ஜெயப்பிரகாஷ் பிடிக்குள்ளிருந்து குண்டுகள் அடுக்கிய மேகசினை உருவி மேஜைமேல் வைத்தான். துப்பாக்கியின் மேல் பாகத்தைப் பின்னால் இழுத்து, அப்படியே நிற்க வைத்தான்.

"இதுதான் ஸ்லைடு. உள்ள பாருங்கம்மா, காலி. மேகசின் போட்டு இது முன்னாடி போச்சின்னா ஒரு குண்டை அள்ளிக்கினு போய் உள்ள வெச்சிடும். அப்பால விசையைத் தொட்டா போதும், டமால்!"

தையல் மெஷின் பெண்கள் ஆவென்று பார்த்தார்கள். அவனுக்கு அதுதானே வேண்டும்.

ஹுமேரா மட்டும் பிடியின் அடியைத் தடவிப் பார்த்தாள். "சார், மேகசின் போட்டாதான் அடிக்கட்டை நீட்டிக்கினு நிக்கும். அது இல்லாம அளவு எடுத்தா உறையோட மூடி சேராது."

நியாயமான பேச்சு. குண்டுகளை எடுத்துவிட்டுக் காலி மேகசினைப் போட்டிருக்கலாம். அதற்கு அந்த மகராசனுக்கு உடம்பு வளையவில்லை. குண்டோடு கிடந்த மேகசினை எடுத்து, உள்ளங்கையால் ஓங்கி அறைந்து செருகினான்.

சடக். ஸ்லைடு தானாகவே முன்னால் பாய்ந்து மூடிக்கொண்டது.

"பாத்தியா! ஸ்லைடை விடற பட்டனே அமுக்கல. அறைஞ்ச அறையில தானா மூடிக்கிச்சு!" என்று சிரித்துக்கொண்டே அதை ஹுமேரா முன்னால் வைத்தான். மேனேஜர் கை தட்டினார்.

ஹுமேரா ஈரத் தோலை மேலே போர்த்தினாள். இடது உள்ளங்கை முனைக்குப் போனது. கட்டைவிரல் குழியைத் தேடியது. இப்போதுதானே சொன்னான், முன்னால் போனால் குண்டை அள்ளிக்கொண்டு போகும் என்று?

அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். "கையை எடு ஹுமேரா. சார், உள்ள குண்டு போயிருக்கும்."

"காலின்னு காட்டினேனே."

"அதுக்கப்புறம் மூடிக்கிச்சே சார்."

"நான் லோடு பண்ணலையேம்மா. அது தானா மூடிக்கிச்சு." சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தன் கை செய்யாதது எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்று நினைக்கிற ஜென்மம்.

"விஜயா, கெஸ்ட்டுகிட்ட இன்னா பேச்சு இது? வேலையைப் பாரு" என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலிதானே சார்? அப்ப அவ கை இருந்த எடத்துல உங்க கையை வைங்க. நான் அமுக்கறேன்."

அவன் சிரித்தான். உள்ளங்கையை விரித்து நீட்டினான். முனைக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. சிரிப்பு மட்டும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தக் கை அதற்குமேல் போகவில்லை.

தோலை விலக்கினான். மேகசினை உருவிவிட்டு ஸ்லைடை இழுத்தான். பித்தளைக் குண்டு ஒன்று துள்ளி, தோல் ஊறிய தட்டில் விழுந்தது.

"இந்த பிஸ்டல் அப்பப்ப இப்படித்தான் பண்ணும்" என்றான். "எல்லா தடவையும் இல்ல. எனக்குத் தெரியும்."

தெரியுமாம். தெரிந்தே அவள் கையில் கொடுத்திருக்கிறான். வீட்டில் பெண்டாட்டி கையில் கொடுத்திருப்பானா? தோல் ஊறிய தண்ணீரில் விரலை விட்டுக் குண்டைத் துழாவி எடுத்து, கர்ச்சீப்பில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஹுமேராவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீ, எனக்கு அந்த சென்ட் வாசனை தொண்டைவரைக்கும் வந்தது.

ஆதிகேசவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குனிந்து ஈரத் தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லவேளை, லெதர்ல ஓட்டை விழல" என்றார். "இப்ப காலிதானே, ஆரம்பிம்மா ஹுமேரா."

ஹுமேரா தன் இடது உள்ளங்கையைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இதைப் பாருங்க சார்" என்றாள்.

அவர் பார்க்கவில்லை. தோல் காய்ந்துவிடும் என்று என்னை அவசரப்படுத்தினார்.