மூன்றாவது தகடு

கயிறு நழுவியபோது சாமிதுரையின் வலது கை இரும்புப் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் இருந்தது. லாரிக்கு அடியில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் நின்றுகொண்டு, போல்ட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பெட்டியை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் அவன் மனைவி சம்பூர்ணம். அவள் விடவில்லை. முடிச்சு போட்டவன் அவன்தான், அதுதான் அவிழ்ந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலுக்குத் தையல் போட்டு, மணிக்கட்டு வரை கட்டி, ஒரு மாதத்துக்கு இந்தக் கையால் சோறுகூடப் பிசையக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

லாரி திருமானூர் சிங்காரவேலுவுடையது. ராணுவத்தில் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து வந்தார். கொள்ளிடக்கரை வயல்களில் கரும்பு வெட்டும்போது மற்ற லாரிகள் சேற்றில் மாட்டிக்கொள்ளும். இதற்கு நாலு சக்கரமும் இழுக்கும். எஞ்சினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். டிரான்ஸ்பர் கேஸ் என்று பேர். பாரம் ஏறினால் அதன் லீவர் தானாகக் கழன்றுகொண்டது. அரியலூரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த வேணுகோபால் பட்டறையை விட்டு, வாக்குவாதம் செய்துவிட்டு வந்திருந்த சாமிதுரைக்கு, விக்கிரமங்கலத்தில் தன் வீட்டு வாசலில் கிடைத்த முதல் பெரிய வேலை அது. தை பிறந்து வெட்டு தொடங்குவதற்குள் முடித்தால் தன்னுடைய மற்ற மூன்று வண்டிகளையும் அவனிடமே விடுவதாகச் சிங்காரவேலு சொல்லியிருந்தார். முடியாவிட்டால் லாரி வேணுகோபாலிடம் போகும். அதன் பின்னாலேயே அவனும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

"நீங்க சொல்லுங்க, நான் செய்யுறேன்" என்றாள் சம்பூர்ணம்.

வேறு வழியில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்து சொல்ல, அவள் கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்து செய்தாள். முதல் நாள் அது அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவு என்றால் கழுவினாள். எந்த வரிசையில் எடுத்தாயோ அந்த வரிசையில் அடுக்கு என்றான். பல்சக்கரம், வளையம், ஸ்பிரிங், குண்டு என்று சாக்கின் மேல் பெரிசிலிருந்து சிறிசு வரை அடுக்கினாள். அவள் ஒரு ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்தபோது சிரித்தான். அவளும் சிரித்தாள்.

இரண்டாம் நாள் ஊசி பேரிங். நடு ஷாப்ட்டைச் சுற்றி ஊசி ஊசியான உருளைகளை ஒவ்வொன்றாகக் கிரீஸில் ஒட்டி நிறுத்த வேண்டும். ஒன்று சாய்ந்தால் எல்லாம் கொட்டும். பட்டறையில் அந்த வேலைக்கு அவனுக்கு அரை நாள் ஆகும். பருத்திக் காட்டில் சுளை எடுத்துப் பழகிய விரல்கள் அவளுக்கு, பேசிக்கொண்டே நிறுத்தினாள். இவன் பீடி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோது இரண்டு வரிசையும் முடிந்து, ஷாப்ட்டை உள்ளே செலுத்தி, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணினியா?"

"ரெண்டு பக்கமும் இருவத்துநாலு. நீங்க இருவத்துமூணுன்னீங்க. ஒரு ஊசிக்கு எடம் இருந்துச்சு, பழசுல எண்ணிப் பாத்தேன், அதுலயும் இருவத்துநாலுதான்."

அன்றிலிருந்துதான் நெஞ்சுக்குள் என்னவோ உராயத் தொடங்கியது. வேணுகோபால் அவனை மூன்று வருஷம் ஸ்பேனர் தொடவிடவில்லை. சாமான் கழுவுவதும் டீ வாங்குவதும்தான். கேட்ட கேள்விக்குத் தப்பாகச் சொன்னால் கையில் இருப்பதை வைத்து முட்டியில் தட்டுவார். அந்தத் தழும்பெல்லாம் வாங்கிச் சேர்த்த படிப்பை இவள் சாக்கில் உட்கார்ந்து, உலை கொதிக்கிறதா என்று நடுவில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, நாலு நாளில் எடுத்துக்கொண்டாள். அவளை யாரும் அடிக்கவில்லை. அதுகூட அவனுக்கு ஒரு அநியாயமாகப் பட்டது.

அடிபம்பில் அவள் பக்கத்து வீட்டு மருதாயியிடம் சொல்வது காதில் விழுந்தது. "கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாதுக்கா. வெரல வச்சுப் பாத்தாத்தான் ஆடுறது தெரியும்." அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இல்லை அது. அவனுக்கே அப்படிச் சொல்லத் தெரியாது.

ஐந்தாம் நாள் பெட்டியை மூடினார்கள். கடைசி வேலை, பின்பக்க மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் மெல்லிய இரும்புத் தகட்டு வளையங்களை வைப்பது. தகடு கூடினால் ஷாப்ட் ஆடும். குறைந்தால் பேரிங் இறுகிச் சூடாகும். அவள் இரண்டு வைத்துச் சுற்றிப் பார்த்தாள், மூன்று வைத்துச் சுற்றினாள், நாலு வைத்துச் சுற்றினாள், மறுபடியும் மூன்றுக்கு வந்தாள். "இதான்" என்றாள். அவன் இடது கையால் சுற்றினான். தயிர் மத்து மாதிரி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அதுதான்.

அன்று மதியம் சிங்காரவேலு தன் டிரைவர் பாவாடையோடு வந்தார். கட்டிலில் இருந்து எழுந்த சாமிதுரையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சாக்கின் அருகே போய் நின்றார்.

"என்னம்மா, வண்டி நாளைக்குக் கெளம்பிடுமா?"

அவளைக் கேட்டார். அவனை வைத்துக்கொண்டு அவளைக் கேட்டார். அவள் திரும்பி இவன் முகத்தைப் பார்த்தாள், பதில் இவன் சொல்லட்டும் என்று. இவன் கைக்கட்டின் நுனியை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தான். கடைசியில் அவளே, "கெளம்பிடுங்க" என்றாள். நல்லது என்று அவர் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாள். சாமிதுரை கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு முழங்காலால் அதை முட்டுக் கொடுத்துக்கொண்டு, இடது கையால் பின்மூடியைக் கழற்றினான். ஒரு தகட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி முடுக்கினான். நினைத்தது இவ்வளவுதான்: நாளைக்கு வண்டி ஓடும்போது பெட்டி சுடும், முனகும். எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவளுக்குத் தெரியாது. அப்போது இவன் குனிந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு தகடு குறையுது என்று சொல்வான். அந்த ஒரு வாக்கியம் போதும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை, பாவாடையும் இன்னும் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கி மாட்ட வருவதற்கு முன்னால், சம்பூர்ணம் போகிறபோக்கில் குனிந்து ஷாப்ட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். நின்றாள். மறுபடி சுற்றினாள்.

"ஏங்க, இறுகுது."

"பனிக்கு அப்படித்தான் இருக்கும்."

அவள் கேட்கவில்லை. உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள். "மூணு வச்சேன். ரெண்டுதான் இருக்கு."

"ரெண்டுதான் வச்ச" என்றான் சாமிதுரை. சொன்னபோது குரல் இயல்பாகவே இருந்தது, அவனுக்கே ஆச்சரியம்.

அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அந்த ஆறு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒன்றும் தெரியாதவளின் கலக்கம் வந்தது. சாக்கை உதறினாள், மண்ணைத் துழாவினாள், தன் விரல்களையே பார்த்துக்கொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வெல்லம் கரைவது போல இருந்தது. கொஞ்ச நேரம்தான். அவள் எழுந்து வீட்டுக்குள் போய்ப் பவுடர் டப்பாவோடு வந்தாள். மீதியிருந்த பவுடரைக் காகிதத்தில் கொட்டி மடித்து வைத்துவிட்டு, கத்தரியால் டப்பாவை வெட்டி விரித்தாள். பழைய தகட்டை மேலே வைத்து, ஆணியால் கோடு கீறி, அதே அளவுக்கு நறுக்கத் தொடங்கினாள். விளிம்பைக் கல்லில் தேய்த்தாள். பழசையும் புதுசையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாற்றி மாற்றி வைத்துக் கண்ணை மூடி அழுத்திப் பார்த்தாள்.

அந்தத் தகரம் பாரத்தில் நசுங்கிவிடும். ஒரு மாதம் தாங்கலாம், ஒரு நாளும் தாங்கலாம். அது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கடைசியில் அவளுக்குத் தெரியாத ஒன்று கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது? நடுவயலில் கரும்புப் பாரத்தோடு வண்டி நிற்பதும், சிங்காரவேலு அதை வேணுகோபாலிடம் இழுத்துக்கொண்டு போவதும் கண்ணுக்குள் வந்தது. அவன் பைக்குள் கையை விட்டான்.

"இங்க கெடந்துச்சு."

சம்பூர்ணம் தகட்டை வாங்கினாள். மண் ஒட்டியிருக்கவில்லை. அவன் சட்டைப்பையில் கிரீஸ் வட்டமாக ஊறியிருந்தது. அவள் பை மீது வைத்த கண்ணை முகத்துக்குக் கொண்டுவர நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே" என்றாள்.

திட்டியிருந்தால் அவன் பதிலுக்குத் திட்டியிருப்பான். அவள் மூன்றையும் சேர்த்து வைத்து மூடியை முடுக்கினாள். நறுக்கிய தகரத்தை எடுத்துக் கூரைச் செத்தையில் செருகினாள்.

மதியத்துக்குள் பெட்டி ஏறிவிட்டது. ஊருக்குக் கீழே, நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த வயலில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிங்காரவேலு வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "யாரும்மா முடிச்சது கடைசில?" என்று கேட்டார். "அவுங்கதாங்க. நான் சாமான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் சம்பூர்ணம். அவர் சாமிதுரையின் தோளைத் தட்டி, "ஏறுப்பா, சத்தம் கேட்டுச் சொல்லு" என்றார். அவள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்தான் காலையிலிருந்து நடந்த எல்லாவற்றிலும் அதிகமாக அவனைச் சுட்டது. அவன் ஏறிப் பாவாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பின் சக்கரம் சேற்றில் இறங்கிச் சுழன்றது. பாவாடை லீவரைத் தள்ளினான். முன் சக்கரங்கள் பிடித்தன. வண்டி ஒரு முறை தும்மி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. லீவர் அசையவில்லை.

"சத்தம் எப்டிண்ணே இருக்கு?" என்றான் பாவாடை.

சாமிதுரை காதைக் கொடுத்துக் கேட்டான். எஞ்சின் இரைந்தது, சேறு தெறித்தது. பெட்டியின் சத்தம் எது என்று அவனால் பிரிக்க முடியவில்லை. "நல்லாருக்கு" என்றான்.

பக்கத்தில் திரும்பினான். சம்பூர்ணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில், வண்டியோடு சேர்ந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு உள்ளங்கை கதவுத் தகரத்தின் மேல் பதிந்திருந்தது. தலையைச் சாய்த்திருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அந்த விரல்கள், நகக்கண்ணில் கறுப்பு ஏறி, வண்டியின் அதிர்வில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"வேகமாப் போ பாவாட" என்றான் சாமிதுரை.

"ஏண்ணே, அக்கா கூட வருது..."

"போங்கறேன்ல."

பாவாடை மிதித்தான். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. உள்ளங்கை வழுக்கிப் பின்னால் போனது, தகரத்தில் ஐந்து விரலின் ஈரத்தை இழுத்துக்கொண்டு. சாமிதுரை தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். சம்பூர்ணம் அதே இடத்தில், முகமெல்லாம் சேறு தெறித்து, துடைத்துக்கொள்ளாமல், தலையைச் சாய்த்தபடியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.