லோடு இல்லாத பெல்ட்

“ஸ்பீக்கர் எங்கக்கா?”

பெங்களூரிலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆரோன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

ஏஞ்சலின் அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மந்திரத்தில் நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அப்பாவப் பாருடா மொதல்ல,” என்றாள்.

அவன் பார்த்தான். முட்டி போட்டான். மற்றவர்கள் எல்லாரும் நெற்றியில்தான் முத்தம் கொடுத்தார்கள். இவன் செபமாலையை விலக்கி, அப்பாவின் வலது உள்ளங்கையைத் திருப்பி, அதில் கொடுத்தான். ஒரு நிமிஷம் அப்படியே குனிந்திருந்தான். பிறகு நிமிர்ந்து, ஹாலின் மூலையில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான்.

“இங்கதானே இருந்துச்சு? எங்கக்கா?”

“இன்னாடா இது?” நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த அத்தை லூசியம்மாள் பொரிந்தாள். “அப்பன் செத்துக் கெடக்கான், நீ ஸ்பீக்கரு தேடிகினு நிக்கிற. பாட்டுப் போட்டு ஆடப் போறியா?”

“ஒரே ஒரு தடவ அத்தே. பொட்டிய மூடறதுக்கு முன்னாடி.”

ஏஞ்சலின் எழுந்தாள். தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“கோயிலுக்குக் குடுத்துட்டேன்,” என்றாள். “ஜூலை மாசமே. நான் பாடற பாட்டுக் குழுவுக்கு. போதுமா?”

ஆரோனின் முகம் வெளுத்தது. “என்னக் கேக்காமயா?”

“உன்ன எதுக்குக் கேக்கணும்? நீயா இங்க இருந்த?”

அப்பா சேவியர்ராஜ் இருபத்தொன்பது வருஷம் நெய்வேலி மைன்ஸில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் ஓட்டியவர். ஒரு தெரு நீளத்துக்கு நிற்கும் இயந்திரம் அது. முன்னால் ராட்சசச் சக்கரம் சுற்றும். சக்கரத்திலுள்ள வாளிகள் மண்ணைக் கடித்து எடுத்து ஓடும் பெல்ட்டில் கொட்டும். காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்ததை அவர் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வேலை பார்த்தார். “மிஷின் பேசறது கேக்கணும்ல” என்பார். ரிடையர் ஆனபோது மிஷின் பேசியதையெல்லாம் கேட்டு முடித்திருந்தார். மனிதர்கள் பேசுவது எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மைன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்த மகளின் குவார்ட்டர்சுக்கு வந்தார். ஏஞ்சலின் அவரிடம் பேச வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவாள். ‘மாத்திரை’. ‘குளிக்கவும்’. ‘ஆபீஸ் போறேன், கதவைத் தாழ் போடவும்’. நான்கு வருஷக் காலண்டர் அப்படித் தீர்ந்தது.

ஆரோன் பெங்களூரில் டிஜே. அது என்ன வேலை என்று கேட்பவர்களிடம் ஏஞ்சலின் ‘சவுண்ட் இன்ஜினியர்’ என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு கிறிஸ்மசுக்கு வந்தபோது, முட்டி உயரத்தில், கீழே சக்கரம் வைத்த ஒரு கறுப்பு பேஸ் ஸ்பீக்கரையும் ஒரு சி.டி. பிளேயரையும் பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து வந்தது வினை.

பக்கத்து வீட்டுப் பரமசிவம் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். மாலையில் அவள் ஆபீசிலிருந்து சைக்கிளை உள்ளே தள்ளும்போதே கேட்டருகில் காத்திருப்பார். “தப்பா நெனைக்காதீங்கம்மா. செவரு அதிருது. கட்டிலு அதிருது. காது கேக்காத அண்ணாச்சிக்கு எதுக்கும்மா அம்புட்டுச் சத்தம்?”

அந்தக் கேள்வி அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

“பரமசிவம் சார் மாசத்துக்கு நாலு தடவ வந்து நிப்பாரு,” என்றாள் இப்போது. குரல் ஏறிக்கொண்டே போனது. “யாருடா பதில் சொல்றது? ராத்திரி எந்திரிச்சா என் கையத் தட்டி எழுப்புவாரு. இவர விட்டுட்டு வர முடியாதுன்னு ரெண்டு வரன வேணாம்னேன். நீ வருஷத்துக்கு ஒரு சி.டி. அனுப்புவ. நீ நல்ல புள்ள. நான் ராட்சசி!”

“நான் சொன்னேனா ராட்சசின்னு?”

“வந்ததும் வராததுமா ஸ்பீக்கர் எங்கன்னு கேட்டல்ல? அதுக்கு வேற என்ன அர்த்தம்?”

ஆரோன் தோள் பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே மூன்று இன்லேண்ட் லெட்டர்கள், பத்திரிகையிலிருந்து வெட்டிய மூன்று தாள்கள். அடுப்பு மேடை மேல் வைத்தான்.

“படி.”

அப்பாவின் கையெழுத்து. லாக் புக்கில் எழுதி எழுதிப் பழகிய நெட்டை எழுத்து.

‘அன்பு மகன் ஆரோனுக்கு, சுகம். சி.டி. வந்தது. பாட்டு ஒன்று: புதுப் பல் மாட்டிய வீல். வேகம் சரி, ஆழம் இல்லை. நான்கு: களிமண்ணில் பக்கெட் சிக்கின மாதிரி, ஆளைத் தூக்கிப் போடுகிறது. ஐந்து, ஆறு: லோடு இல்லாத பெல்ட், சும்மா ஓடுகிறது. ஏழு: மழை நாள், ஈர மண், ஃபுல் லோடு. இதுதான். மூன்று தரம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினாராம், எனக்குத் தெரியவில்லை.’

ஏஞ்சலின் இரண்டாம் முறை படித்தாள்.

“எனக்குப் புரியல,” என்றாள்.

“அவருக்குக் காதுதான்க்கா போச்சு. கை போவல. ஸ்பீக்கர் மேல கைய வெச்சிக்கினுதான் கேப்பாரு. கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு எதுவும் அவருக்கு எட்டாது. நான் அனுப்பறதுல அடி இருக்கு. அடி மட்டும்தான் இருக்கு. எங்க ஃபீல்டுல வருஷக் கடைசில ஒரு பத்திரிகைக்காரன் பத்து டிஜே கிட்ட கேப்பான், இந்த வருஷம் உனக்குப் புடிச்ச பத்து டிராக் என்னன்னு. நான் பத்த எடுத்து அப்பாவுக்கு அனுப்புவேன். எத ஒண்ணாவதா போடறதுன்னு அவருதான் சொல்லுவாரு.”

பத்திரிகைத் தாளைக் காட்டினான். ஆரோனின் சின்னப் படம். பக்கத்தில் பத்துப் பெயர்கள், எல்லாம் இங்கிலீஷ்.

“அந்த ஏழாவது ஒரு ஜெர்மன்காரன் பண்ணது. அந்த வருஷம் ஒருத்தனும் சீண்டல. நான் மொதல்ல போட்டேன்னு சிரிச்சானுங்க. ஆறு மாசம் கழிச்சி பெங்களூர் பூரா அதான் ஓடிச்சி. எப்பிடிடா புடிச்சேன்னு கேட்டாங்க. நெய்வேலில ஒரு ஆள் இருக்காருன்னேன்.”

ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. கடிதத்தை மேடை மேல் தட்டி வைத்தாள்.

“எங்கிட்ட ஏன்டா சொல்லல? ரெண்டு பேருமா?”

“நீ ஆபீஸ் போன பொறவுதான் போடுவாரு. நீ திட்டுவேன்னு.”

“திட்டுவேன்தான்! தெரியாதவ திட்டாம என்ன செய்வா?”

ஜூலைக்குப் பிறகு அப்பா பிரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். கிரைண்டர் ஓடினால் அதன் மேல் கை. பரமசிவம் வீட்டில் மாவு ஆட்டினால், இந்தப் பக்கச் சுவரில் இரண்டு கையும். வயசாகி மூளை கலங்கிவிட்டது என்று ஏஞ்சலின் நினைத்தாள். ‘ஷாக் அடிக்கும், கை எடுக்கவும்’ என்று பெரிதாக எழுதி பிரிட்ஜிலேயே ஒட்டினாள். தாள் இன்னும் ஒட்டியிருந்தது. ஆரோன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த வருஷம் லெட்டர் வரலக்கா,” என்றான். “சி.டி. நவம்பர்லயே அனுப்பிட்டேன். நாளைக்கு லிஸ்ட் குடுக்கணும். ஒன்பது எழுதிட்டேன். ஒண்ணாவது இடம் காலியா இருக்கு.”

ஏஞ்சலின் ஆணியில் மாட்டியிருந்த தன் ஹேண்ட்பேக்கை எடுத்தாள். சீப்பு, டிபன் பாக்ஸ் மூடி, பாட்டுக் குழுவின் நோட்டு. அடியில் ஒரு நீல இன்லேண்ட். ஓரம் மடங்கியிருந்தது. போஸ்ட் செய்யச் சொல்லி அப்பா கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. மகனுக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்ற எரிச்சலில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, மறந்தே போனது.

நீட்டினாள். அவன் நகத்தால் கிழித்துப் பிரித்தான். படித்தான். அவளிடம் கொடுத்தான்.

‘அன்பு மகன் ஆரோனுக்கு, சுகம். சி.டி. வந்தது. இந்த வருஷம் என்னால் சொல்ல முடியாது. ஸ்பீக்கர் கோயிலில் இருக்கிறது. நான் ஞாயிறு பூசைக்குப் போய் அதன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். ஏஞ்சலு குழுவில் நாலு பாட்டு. நாலும் லோடு இல்லாத பெல்ட். பேஸை ஏற்றினால் நன்றாக இருக்கும். சொன்னால் ஏஞ்சலு கோபித்துக்கொள்ளும். சொல்லவில்லை.’

வெளியே சவப்பெட்டி வந்து இறங்கும் சத்தம் கேட்டது.

ஐந்து மாதமாக அப்பா ஒரு ஞாயிறு தவறவில்லை. நடுவரிசையை விட்டுவிட்டு, இடப்பக்கம் முன்பெஞ்சில், பாட்டுக் குழுவுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கை பக்கத்தில் தொங்கும். காது கேட்காவிட்டாலும் மகள் பாடுவதைப் பார்க்க வருகிறார் என்று ஏஞ்சலின் ஆபீசில் அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தாள். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சேலை கட்டினாள்.

அவள் கடிதத்தை மடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் சின்னதாக மடித்தாள்.

“என்னப் பாக்க வரல,” என்றாள்.

“அக்கா…”

“பேசாத. போய் அப்பாவத் தூக்கு.”

கோயிலில் கிறிஸ்மஸ் குடில் இன்னும் பிரிக்கப்படவில்லை. வைக்கோலுக்கு நடுவே குழந்தை இயேசு கையை விரித்துப் படுத்திருந்தார். சவப்பெட்டியைப் பீடத்துக்கு முன்னால், நடுவில், மரத் தாங்கியின் மேல் வைத்தார்கள். மூடி மேல் சிலுவை. அதைச் சுற்றி அத்தை உதிர்த்த ரோஜா இதழ்கள்.

ஏஞ்சலின் குடும்பத்துப் பெஞ்சில் உட்காரவில்லை. நேராகப் பாட்டுக் குழுவை நோக்கி நடந்தாள்.

“எங்கடி போற?” அத்தை முந்தானையைப் பிடித்தாள். “எழவு வூட்டுப் பொண்ணு பாடக் கூடாதுடி.”

“யாரு சொன்னது?”

“ஊர்ல வழக்கம்…”

“விடுங்கத்தே.”

விட்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் விட்டிருப்பார்கள்.

ஸ்பீக்கர் குழுவின் ஓரமாக, தூணுக்கும் இடப்பக்க முன்பெஞ்சுக்கும் நடுவில் இருந்தது. மேலே யாரோ லேஸ் துணி போட்டுப் பூச்சாடி வைத்திருந்தார்கள். ஏஞ்சலின் பூச்சாடியைத் தரையில் வைத்தாள். துணியை உருவினாள். கறுப்பு மரத்தின் பக்கவாட்டில், பெஞ்சிலிருந்து கை தொங்கும் உயரத்தில், ஓரிடம் மட்டும் பெயிண்ட் மங்கி வழவழவென்று இருந்தது.

அவள் அதைத் தள்ளினாள். சக்கரங்கள் மொசைக் தரையில் கிறீச்சிட்டன. கோயிலே திரும்பிப் பார்த்தது.

கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ஓடி வந்தார். “என்னம்மா பண்றீங்க? ஃபாதர் அங்கி போட்டுக்கிட்டு நிக்கிறாரு.”

“நிக்கட்டும்.”

“அத இங்க வெக்கிறது வழக்கமில்லம்மா.”

“நான் குடுத்த ஸ்பீக்கர். நான் வெக்கிறேன்.”

ஆரோன் எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தான். “ஒயர் பத்தாதுக்கா,” என்றான்.

“பத்தும். தள்ளு.”

ஒயர் எட்டியது. சவப்பெட்டியின் தாங்கியோடு மரம் முட்டும் வரை தள்ளினார்கள். அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கீபோர்டில் ஞானராஜ். மைன்ஸில் எலெக்ட்ரீஷியன். இருபது வருஷமாக இந்தக் கோயிலில் வாசிக்கிறார். ஏஞ்சலின் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பேஸ ஏத்துங்க.”

“அடக்கப் பாட்டும்மா இது. மெதுவாத்தானே…”

“மெதுவாவே வாசிங்க. பேஸ ஏத்துங்க. ரிதமும் போடுங்க.”

அவர் திருகினார்.

“இன்னும்.”

“தரை அதிரும்மா.”

“அதிரட்டும் சார்.”

மணி அடித்தது. ஃபாதர் வெளியே வந்தார். ஏஞ்சலின் நோட்டைத் திறக்கவில்லை. பாட ஆரம்பித்தாள். முதல் அடி விழுந்ததும் முன்பெஞ்சில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். மூன்றாம் வரிசையில் பரமசிவம் தன் முன்னாலிருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்தார். பிடித்தவர் கையை எடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி கிர்ரென்றது. அவள் குரல் அழுகைக் குரலாக இல்லை. வாசலில் நின்று ஒருவரைச் சண்டைக்குக் கூப்பிடுகிற குரலாக இருந்தது.

தாங்கி அதிர்ந்தது. மூடி அதிர்ந்தது. சிலுவைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு ரோஜா இதழ் ஒவ்வோர் அடிக்கும் ஒரு நூல் நகர்ந்து, பாட்டு முடிகிற இடத்தில் விளிம்புக்கு வந்து நின்றது.

ஞானராஜ் கையை எடுக்கப் பார்த்தார்.

ஏஞ்சலின் அவரை முறைத்தாள். முறைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து மறுபடி எடுத்தாள்.