எண்பத்தொன்பதால் வகுபடும் எண்

கணக்கு டீச்சருக்கு ராசி எண், சகுனம் எல்லாம் வேப்பங்காய். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "எண்ணுக்கு நம்மளைத் தெரியாது" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் அன்று மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஓர் எண்ணோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்கும்போது லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டான். ரத்தம் நிறையப் போய்விட்டது, இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றுவிட்டு டாக்டர் உள்ளே போனார். ஸ்ட்ரெச்சர் அவளைக் கடந்தபோது, அவன் மணிக்கட்டுப் பட்டையில் இருந்த எண் கண்ணில் ஒட்டிக்கொண்டது: 356267.

இது பகா எண்ணாக இருந்தால் அவர் பிழைத்துவிடுவார். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மூழ்குகிறவளுக்கு ஒரு துரும்பு.

ஒற்றைப்படை. ஐந்தில் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தொன்பது, மூன்றுக்குத் தப்பியது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை உண்டு: எண்ணை நடுவில் வெட்டி, 356இல் 267ஐக் கழிக்க வேண்டும். எண்பத்தொன்பது. அந்த மூன்றும் அதைத் தொடாது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பதினேழு, பத்தொன்பது என்று வகுத்துக்கொண்டே போனாள். இப்படியே ஐந்நூற்றுச் சொச்சம் வரை போயாக வேண்டும்.

பக்கத்தில் இருந்த நாத்தனார் அவள் உதடு அசைவதைப் பார்த்தாள். "சாமி கும்பிடுறீங்களா அண்ணி?"

"ஆமா."

நாற்பத்தொன்றைத் தாண்டும்போது சுருக்கென்றது. நாலு எண்பத்தொன்பது 356. மூணு எண்பத்தொன்பது 267. வகுத்துப் பார்க்கவே வேண்டாம். எண் முழுக்க எண்பத்தொன்பதுதான் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் முன்பு எதைப் பார்த்து மூச்சு விட்டாளோ, அதேதான்.

"முடிஞ்சுபோச்சு" என்றாள்.

உள்ளேயிருந்து ஏதோ சேதி வந்துவிட்டதாக நினைத்து நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவளும் சேர்ந்து அழுதபடியே விஷயத்தைச் சொல்ல, அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்க அண்ணனை வைத்தா பரீட்சை நடத்தினீர்கள் என்று பிடி பிடியென்று பிடித்தாள். அப்புறம் அடங்கி, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எண்பத்தொன்பதால வகுத்தா என்ன வருது?"

"நாலாயிரத்து மூணு."

"அது பகா எண்ணா அண்ணி?"

டீச்சர் மறுபடி ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். இருபத்து மூன்றால் வகுத்து ஒன்று மிஞ்சியபோது கதவு திறந்தது. உயிருக்கு இனி ஆபத்தில்லை, இடது காலைத்தான் காப்பாற்ற முடியவில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் அவனுக்கு நினைவு திரும்பியது. நாக்குக் குழற, இடது கால் கட்டைவிரல் அரிக்கிறது, சொறிந்துவிடு என்றான். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டீச்சர் வெறும் போர்வையின் மேல் விரலை வைத்து மெல்லச் சொறிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றான்.