நெரீனாவின் சொந்தக் குரல்

றொசாந்தி வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியமே பிழையாகப் போய்விட்டது. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ ஒன்றில் வேலை செய்கிறவள், தன் புத்தகத்தை வாசித்துப் பதிவுசெய்ய வரப்போகும் நெரீனா வால்தெசியைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று, அவர் நடித்த பழைய இத்தாலியப் படமொன்றைத் தேடிப் பார்த்திருந்தாள். பார்த்ததோடு நின்றிருக்கலாம். "உங்கள் குரலுக்காகவே அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு போடு போட்டாள்.

நெரீனா சிரித்தார். "அது என் குரல் இல்லை. வேறொருத்தி பேசியது."

றொசாந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மும்பையிலிருந்து சென்னைக்கு வந்து வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போகும் கதாநாயகிகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

நெரீனா நடித்த படங்களில் ஒன்றில்கூட அவர் குரல் இல்லை. அந்தக் காலத்து இத்தாலியில் படத்தை எடுத்து முடித்த பிறகுதான் குரல் சேர்ப்பார்கள். முகத்துக்கு ஒருத்தி, குரலுக்கு ஒருத்தி. இவருடைய குரல் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவதுபோல் இருக்கிறதென்று இயக்குநர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். நாற்பது வயதாகுமுன் சினிமாவைத் தலைமுழுகிவிட்டு லண்டனுக்கு வந்து எழுத உட்கார்ந்தார். காகிதத்தில் மட்டும் அவருக்காக இன்னொருத்தி பேச முடியவில்லை. நாவல்கள் வந்தன, பரிசுகளும் வந்தன. எண்பதை நெருங்கும்போது தன் வாழ்க்கையையே எழுதினார். அதன் ஒலிநூலுக்குத் தானே வாசிப்பதாகப் பதிப்பகத்தோடு பேச்சு. உலகம் முதன்முதலாகத் தன் குரலைக் கேட்கப்போகிறது என்பதில் மனுசி கல்யாணப் பெண்ணைப்போலப் பூரித்துப்போயிருந்தார்.

மறுநாள் மதியம் ஸ்டூடியோ உரிமையாளர் கிருசாந்தன் றொசாந்தியைத் தேநீர் போடும் மூலைக்குக் கூப்பிட்டார்.

"பதிப்பகக்காரர் நேத்தையான் பதிவைக் கேட்டிட்டினம். உச்சரிப்பு விளங்கேல்லையாம், குரலும் சரியில்லையாம். திங்கக்கிழமை வேற நடிகை ஒராள் வந்து வாசிப்பா."

"அப்ப இவ?"

"இண்டைக்கு வாசிச்சிட்டுச் சந்தோசமாப் போகட்டும். பிறகு அவையள் ஆறுதலா மெயில் போடுவினம். நீ ஒண்டும் சொல்லிப்போடாத."

"அதெப்பிடி அண்ணை? அழிக்கப்போறதையே இருந்து வாசிக்கிறா, பாவம்."

"எனக்கு மட்டும் விருப்பமே? அவையளைப் பகைச்சா அடுத்த வேலை வராது. பேசாம இரு."

கிருசாந்தன் கெட்டவரல்ல. இந்த மாதிரிக் காரியங்கள் பெரும்பாலும் நல்லவர்களின் உதவியோடுதான் நடக்கின்றன என்பது வேறு விஷயம்.

றொசாந்தி திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் நெரீனா தன் அப்பாவைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். இத்தாலியில் அங்கோனா நகரில் முடிவெட்டும் கடை வைத்திருந்த மனிதர். மகளின் முதல் படத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டு, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். திரையில் மகள் வாயைத் திறந்தாள். யாரோ ஒருத்தியின் குரல் வந்தது. அப்பா பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்து, "உன்னை என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். அதன்பின் அவர் மகளின் எந்தப் படத்துக்கும் போகவில்லை.

அந்தக் கரகரத்த குரலில் இதைக் கேட்டபோது றொசாந்திக்கு அழுகை வந்துவிட்டது. இதற்குமேலும் ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. பதிவை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

நெரீனாவின் முகம் வாடிப்போயிற்று. "நான் ஊகித்திருக்க வேண்டும். காலையிலிருந்து எல்லாரும் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். சினிமாவிலும் வேறொருத்தியைப் பிடித்த பிறகுதான் அப்படி இருப்பார்கள்." அவமானமாக இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். பிறகு ஒரு பேனா கேட்டார்.

"அவர்களுக்குப் பிடிக்காதது என் குரல்தானே. சொற்கள் இன்னும் என்னுடையவை. புத்தகம் அச்சுக்கும் போகவில்லை."

புத்தகத்தின் தொடக்கத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு பத்தி எழுதி அன்றே பதிப்பகத்துக்கு அனுப்பினார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று அவர்களும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்கள். அதை வாய்விட்டு வாசிக்கப்போவது யார் என்று அங்கே ஒருவருக்கும் மூளை ஓடவில்லை.

திங்கட்கிழமை அந்த இளம் நடிகை வந்தாள். மணிபோன்ற குரல். வாசிக்கத் தொடங்கினாள்.

"நீங்கள் இப்போது கேட்கும் குரல் என்னுடையதல்ல. படங்களில் என் குரல் வேண்டாம் என்றார்கள். என் சொந்தக் கதைக்கும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்தப் பெண் நன்றாக வாசிப்பாள். அவள்மேல் கோபப்படாதீர்கள். அவளுக்கும் ஒருநாள் வயதாகும்."

கடைசி வரியோடு நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "இதை நான் செய்ய மாட்டேன்" என்றவள், அங்கிருந்தே பதிப்பகத்தை அழைத்துப் பிடிபிடியென்று பிடித்தாள். அவள் வெளியில் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் பயம் பிடித்தது. மதியத்துக்குள் இறங்கி வந்து, நெரீனாவே வாசிக்கட்டும் என்றார்கள்.

கிருசாந்தன் றொசாந்தியைப் பார்த்தார். "நீயோ மனுசிக்குச் சொன்னது?"

"ஓம் அண்ணை."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, நீயே அவவுக்குக் கோல் எடுத்து வரச்சொல்லு."

நெரீனா உதட்டுச்சாயம் பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் பயமாக இருக்கிறது என்றார். றொசாந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பக்கங்களை அவர்முன் ஒழுங்காக வைத்து, "இந்த முதல் பத்தியை என்ன செய்வது?" என்று கேட்டாள்.

"அதை எடுத்துவிடு" என்றார் நெரீனா. "இனிக் கேட்டாலே யார் குரலென்று தெரியும்."